தோட்டத்துக் கடையும் நம் கைப்பணமும்



மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி என்று இக்காலத்தில் யாரைக் கேட்டாலும் இரண்டு வழிகளைச் சொல்லுவார்கள். நாலு கடை ஏறி இறங்கி விலை பார்த்து வாங்குவது ஒரு வழி. கழிவுச் சீட்டு, கூப்பன் போன்றவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு வேளையறிந்து செலவிடுவது மற்றொரு வழி. இரண்டும் நல்ல வழிகளே. ஆனால் இரண்டுக்கும் ஒரு முன் நிபந்தனை இருக்கிறது. கையில் ரொக்கம் இருக்க வேண்டும். போவதற்கு வேறொரு கடையும் இருக்க வேண்டும். நம் பாட்டனும் பாட்டியும் பால்மரக் காட்டில் உழைத்த காலத்தின் பெரும் பகுதியில் இவை இரண்டும் ஒருசேரக் கிடைக்கவில்லை. சிக்கனம் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சிலர் குறை கூறுவதுண்டு. அரைக் கருவாட்டை இரண்டு வேளைக்கு வைத்துச் சமைத்தவர்களுக்கா சிக்கனம் தெரியாது? அவர்களுக்கு இல்லாமற் போனது கடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அந்த உரிமை நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதே இன்று நாம் பேசப் போகும் செய்தி.

முதலில் கடல் கடந்து சுமத்ராவுக்குச் சென்று வருவோம். மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், இன்றைய மேடான் நகரைச் சுற்றியுள்ள டெலி என்னும் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புகையிலைத் தோட்டங்கள் தோன்றின. அங்கே சீனரும் ஜாவானியரும் மிகுதியாக வேலை செய்தார்கள், தமிழரும் இருந்தார்கள். சில்லறை நாணயம் போதவில்லை என்று சொல்லி, 1880களிலும் 1890களிலும் அத்தோட்டங்களில் பல தாமே உலோக வில்லைகளை அடித்து வெளியிட்டன. பார்வைக்கு அது காசு மாதிரிதான். தோட்டத்தின் பெயரும் தொகையும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்தத் தோட்டத்துக் கடையைத் தவிர வேறெங்கும் அது முழு மதிப்புக்குச் செல்லாது. கடையில் அரிசி என்ன விலை சொன்னாலும் அதுதான் விலை. நாணயம் சேகரிப்பவர்கள் இன்று அந்த வில்லைகளைத் தேடித் தேடி நல்ல விலைக்கு வாங்குகிறார்கள். அவற்றைக் கூலியாகப் பெற்றவர்கள் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

கூப்பனின் மூதாதை என்று இந்த வில்லையைச் சொன்னால் தவறில்லை. கூப்பனும் ஒருவகைச் சீட்டுத்தானே. சீட்டைக் கொண்டு எந்தக் கடைக்கும் போகலாம் என்றால் அது கைக்கு உதவி. ஒரே கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் காலுக்குக் கட்டு. இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் இந்தக் கட்டை முன்பே பட்டறிந்தவர்கள். கூலியைச் சரக்காகவும் சீட்டாகவும் கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்து அங்கே 1831இல் ஒரு சட்டமே வந்தது.

மலாயாவில் நம்மவருக்குப் பெரும்பாலும் கூலி நாணயமாகவே கிடைத்தது. கட்டு வேறு வடிவத்தில் வந்தது. அதற்குப் பெயர் பற்று.

அக்காலத் தோட்டம் ஒன்றை மனக்கண்முன் கொண்டுவந்து பாருங்கள். பட்டணத்துக்குப் போகும் செம்மண் பாதை பல மைல் நீளும். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போனால், பால் எடுத்து, நிறுத்து முடித்து வீடு திரும்ப நண்பகல் தாண்டிவிடும். தாய்மார்களுக்கு அதன் பிறகுதான் அடுப்பு வேலையே ஆரம்பம். பட்டணத்துக்குப் போய் விலை விசாரிக்க எங்கே நேரம்? லயத்துக்கு அருகில் ஒரு கடை இருக்கும். சில தோட்டங்களில் அதைக் கங்காணியே நடத்தினார். வேறு பல இடங்களில் சீனத் தவுக்கேயோ தமிழ் முஸ்லிம் வணிகரோ நடத்தினார். அரிசியைத் தோட்ட நிர்வாகமே வழங்கிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் பரவலாக இருந்தது. மற்றபடி பருப்பு, மிளகாய், மல்லி, புளி, கருவாடு, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் அந்தக் கடைதான்.

கங்காணி கடை வைத்த கதையை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஊரிலிருந்து ஆளை அழைத்து வந்தவர் அவர். வேலையில் மேற்பார்வை பார்ப்பவரும் அவர். முன்பணம் கொடுத்தவர் பல வேளைகளில் அவரே. இத்தனைக்கும் மேல் உப்பும் புளியும் விற்பவரும் அவரே என்றால், "அண்ணே, பருப்பு விலை அதிகமாய் இருக்கிறதே" என்று கேட்க யாருக்கு நா எழும்? விலையைப் பற்றிய பேச்சு அங்கே வேலையைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். எல்லாக் கங்காணிகளும் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மூன்று பிடிகளும் ஒரே கையில் இருந்தால் நல்லவர் கையும் இறுகத்தான் செய்யும்.

சரி, பற்று எப்படி வேலை செய்தது? சம்பளம் மாதம் ஒரு முறை. வயிறோ நாள்தோறும் கேட்கிறது. அதிலும் பால்மரத்தின் வருவாய் ஆண்டு முழுதும் ஒரே சீராய் இருப்பதில்லை. மழை பெய்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. பட்டையில் வழியும் நீரோடு பால் கலந்து ஓடிவிடும். ஆண்டின் கடைசி மாதங்களில் அடைமழை பிடித்தால் நாள் கூலிக்காரர் வீட்டில் அடுப்பும் நனைந்துவிடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரம் இலையுதிர்க்கும். அப்போது பால் குறையும். இந்தக் குறைவான மாதங்களைத் தாண்டுவதற்குப் பற்றுப் புத்தகம் ஒன்றுதான் பாலம். பிற்காலத்தில் மலேசியா முழுதும் 555 என்று அட்டையில் அச்சிட்ட உள்ளங்கை அளவுச் சிறு புத்தகம் இதற்குப் பேர்போனது. "மூன்று ஐந்து புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றால் கடன் என்று பொருள். கடைக்காரரிடம் ஒரு புத்தகம், வீட்டில் ஒரு புத்தகம் என்று இரண்டு வைத்த குடும்பங்கள் தப்பித்தன. கடையில் மட்டும் ஒரு புத்தகம் இருந்த குடும்பங்களின் கணக்கு கடைக்காரரின் மனச்சாட்சியைப் பொறுத்தது. எழுத்தறியாதவர்கள் மிகுந்த அக்காலத்தில், பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தாலே அது பெரிய பாதுகாப்பு.

தோட்டக் கடைக்காரர் பெரும்பாலும் வட்டி என்று தனியாக எழுதுவதில்லை. வட்டி விலையிலேயே ஒளிந்திருந்தது. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். பட்டணத்தில் ரொக்கத்துக்கு 100 வெள்ளிக்குக் கிடைக்கும் சாமான், பற்றுக் கடையில் 110 வெள்ளி என்று வையுங்கள். பத்து வெள்ளிதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கடன் ஓராண்டுக்கு அல்ல, சம்பள நாள் வரைக்கும் ஒரு மாதத்துக்குத்தான். மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபது. இவ்வளவு வட்டியை ஒரு செட்டியார் கேட்டிருந்தால் ஊரே கூடிப் பேசியிருக்கும். பருப்பிலும் எண்ணெயிலும் கலந்து வந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுவதுதான் முறை. அவரும் பட்டண மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டவர். இரவோடிரவாக வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்து போன குடும்பங்களின் பாக்கியும் அவர் தலையில்தான் விழுந்தது. வீட்டில் காய்ச்சல் கண்டபோதும், வேலை நிறுத்தம் நடந்தபோதும் அரிசி கொடுத்துத் தாங்கிய தவுக்கேமார்கள் உண்டு. அவர்கள் விற்றது சாமான் மட்டுமன்று. காத்திருக்கும் பொறுமையையும் சேர்த்து விற்றார்கள். அதன் விலைதான் அதிகமாய் இருந்தது.

கூலி எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் இந்தப் பத்து வெள்ளியின் பாரம் விளங்கும். 1920களின் பிற்பகுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அரிசி, கறிச்சரக்கு, துணிமணி, பண்டிகைச் செலவு என்று ஒரு தொழிலாளியின் வாழ்க்கைச் செலவைப் பட்டியல் போட்டே அத்தொகையைக் கணித்தார்கள். பட்டியல் போட்டவர்கள் எந்தக் கடை விலையை வைத்துக் கணக்கிட்டாலும், தொழிலாளி வாங்கியது என்னவோ அவன் லயத்துக் கடை விலைக்குத்தான். உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, 1930இல் அந்தக் கூலி 40 காசும் 32 காசுமாயிற்று. அடுத்த ஆண்டுகளில் அதனினும் கீழே போயிற்று. ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். 1936 டிசம்பரில் இந்திய அரசு அனுப்பி வைத்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இங்கு வந்து தோட்டங்களைப் பார்த்துச் சென்றார். 50, 40 என்ற பழைய கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று 1937இல் வெளிவந்த அவர் அறிக்கை கூறியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பத்துக் காசு வேற்றுமை ஏன் என்று அன்று உரக்கக் கேட்டவர்கள் குறைவு. கடையில் பெண்ணுக்கென்று யாரும் விலையைக் குறைக்கவில்லை.

மளிகைக் கடைக்குப் போட்டியாகத் தோட்டத்தில் இன்னொரு கடையும் இருந்தது. அது கள்ளுக்கடை. சம்பள நாளன்று எந்தக் கடைக்கு முதலில் கால் போகிறதோ அதைப் பொறுத்தே அந்த மாதத்துக் குழம்பு அமைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொழிலாளர் நடத்திய வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. துப்பாக்கி கொண்டு அடக்கப்பட்ட போராட்டம் அது. அந்தக் கோரிக்கையில் பெண்களின் குரல் கலந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

கடைக்குப் போகாமலே மிச்சம் பிடிக்க ஒரு வழி இருந்தது. கீரைப்பாத்தி. போருக்கு முந்திய தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. முருங்கையும், கத்தரியும், பாகலும், வாசலில் கட்டிய பசுவும் எத்தனையோ குடும்பங்களின் பற்றுப் புத்தகத்தில் பல பக்கங்களை எழுதாமற் செய்தன.

கடையையே நமதாக்கிக்கொண்டால் என்ன என்ற எண்ணமும் அக்காலத்திலேயே பிறந்துவிட்டது. அதன் வேர் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவாளர் ஊரில் இருக்கிறது. 1844 டிசம்பர் 21ஆம் நாள், 28 பேர் கூடிச் சேர்த்த சிறு முதலில் அங்கே ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு என்று நாலைந்து சாமான்கள்தாம் இருந்தன. அவர்கள் வகுத்த விதிகளில் இரண்டை மட்டும் நாம் இங்கே எடுத்துக்கொள்வோம். கடன் கிடையாது, ரொக்கம் மட்டுமே. லாபத்தில், யார் எவ்வளவுக்குச் சாமான் வாங்கினார்களோ அந்த அளவுக்கு அவர்களுக்குப் பங்கு திரும்பி வரும். இந்த இரண்டாம் விதி மிக அழகானது. நிறைய வாங்கியவருக்கு நிறையத் திரும்பி வருகிறது. கடையும் வாங்குகிறவர்களுக்கே சொந்தம். இன்று பெரிய அங்காடிகள் கொடுக்கும் புள்ளி அட்டைக்கு ராச்டேல் பங்கீடு அண்ணன் முறை. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: புள்ளி அட்டையில் எவ்வளவு திருப்பித் தருவது என்பதை முதலாளி முடிவு செய்கிறார்; ராச்டேலில் உறுப்பினர் கூடி முடிவு செய்தார்கள்.

மலாயாவில் 1922இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. தோட்டங்களில் முதலில் வேரூன்றியவை கடைகளல்ல, சிக்கன நாணயச் சங்கங்கள். மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு சிறு தொகையைத் தோட்ட அலுவலகத்திலேயே பிடித்து உறுப்பினர் பெயரில் சேர்த்தார்கள். கல்யாணம், கருமாதி, ஊர்ப்பயணம் என்று வரும்போது அது கைகொடுத்தது. கூட்டுறவுக் கடைகளும் பின்னர் வந்தன. குறிப்பாகப் போர் முடிந்து விலைவாசி ஏறிய ஆண்டுகளில் பல தோட்டங்களில் தொடங்கப்பட்டன. அவற்றில் பல நிலைக்கவில்லை. காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டாம். ரொக்கத்துக்கே விற்பனை என்றால், மழை மாதத்தில் உறுப்பினரே பழைய தவுக்கேயிடம் போய்விடுவார்கள். கடன் கொடுத்தாலோ, சொந்தக்காரரிடம் பாக்கி கேட்க யாருக்கும் வாய் வராது. கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனால் கடையும் பூட்டிக்கொள்ளும். ராச்டேல் நெசவாளருக்கு வாரச் சம்பளம். நம்மவருக்கு மாதச் சம்பளம். இந்த ஒரு வேற்றுமை எவ்வளவு பெரிய வேற்றுமை என்பதைச் சங்கம் அமைத்தவர்கள் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது நம் கருத்து.

இடையில் போர் வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. அரிசிக் கப்பல் நின்றது. தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. ஜப்பானியர் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால் அதற்கு வாழைமரத்து நோட்டு என்று பெயர். கட்டுக் கட்டாகக் கொடுத்தாலும் கால் மூட்டை அரிசி கிடைக்காத நிலை கடைசியில் வந்தது. 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைத்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். சயாம் இரயில் பாதைக்கு ஆண்களை அனுப்பிவிட்டுத் தோட்டத்தில் தனித்து நின்ற தாய்மார்களின் கதை வேறு. அதை ஒரு பேச்சின் நடுவில் சொல்லி முடிக்க முடியாது.

போருக்குப் பின்னும் அரிசிக்குப் பங்கீடு தொடர்ந்தது. ரேஷன் அட்டை கைக்கு வந்தது. அளவு குறைவு, அரிசிக்குப் பதில் கோதுமை மாவும் வந்தது. சோறே உணவென்று இருந்தவர்கள் ரொட்டி தட்டப் பழகினார்கள். ரேஷன் அட்டையும் ஒரு கூப்பன்தான். ஆனால் விலையைக் குறைக்க வந்த கூப்பன் அன்று அது; இல்லாத பொருளைப் பகிர்ந்து கொடுக்க வந்தது. பஞ்ச காலத்தில் பணமுள்ளவன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாமல் தடுக்க அதைவிட நல்ல வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

1948இல் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டு கொரில்லாக்களுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பதற்காக, தோட்ட லயங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்தார்கள். கட்டுப்பாடு கடுமையாக இருந்த பகுதிகளில் மளிகை வாங்குவதே ஒரு காவல் காரியமாயிற்று. கடைக்காரர் எதை எவருக்கு எவ்வளவு விற்றார் என்று எழுதி வைக்க வேண்டும். டின் மீனோ டின் பாலோ விற்றால், அங்கேயே டின்னைத் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். துளையிட்ட டின் கெடுமுன் தின்ன வேண்டும். சேர்த்து வைக்கவும் முடியாது, காட்டுக்குள் கொடுக்கவும் முடியாது. மலிவாய்க் கிடைக்கும்போது நாலு டின் வாங்கி அடுக்கி வைப்பதுதானே சிக்கனத்தின் முதல் பாடம்? அந்தப் பாடமே குற்றமாகிப் போன காலம் அது. பால்வெட்டுக்குப் போகும்போது சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற தடையும் இருந்தது. வாசலில் சோதனை, உள்ளே வெறும் தண்ணீர்ப் புட்டி.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் தொழிலாளர் அமைப்புகள் வலுப்பெற்றன. 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. மறு ஆண்டு, 1955இல், வேலைச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று அதில் இருந்த சில விதிகள் நம் மளிகைக் கதைக்கு உயிர்நாடி. கூலியைச் செல்லுபடியாகும் பணமாகவே கொடுக்க வேண்டும். கூலியை எந்த இடத்தில், எந்த வகையில், யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்தில் நிபந்தனை போட்டால் அந்த நிபந்தனை செல்லாது. முதலாளி கொடுக்கும் முன்பணத்துக்கு வட்டி வாங்கக் கூடாது. டெலியின் உலோக வில்லை, கங்காணியின் கடை, இவற்றின் நிழல் விழாதபடி சட்டம் கதவைச் சாத்தியது. கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தைச் சட்டம் தொடவில்லை, தொடவும் முடியாது. அது இருவர் மனமொத்துச் செய்யும் வியாபாரம்.

பாதை வந்தது, பேருந்து வந்தது, பிள்ளைகள் மிதிவண்டியிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் பட்டணம் போய்வந்தார்கள். கடையைத் தேர்ந்தெடுக்கும் காலம் மெல்லப் பிறந்தது. அப்போது ஒரு புதுக் குழப்பமும் வந்தது: நிறுவை. அதுவரை காட்டி, தாயில் என்று நிறுத்தோம். 16 தாயில் ஒரு காட்டி. 100 காட்டி ஒரு பிக்குல். அரிசியைப் பால் டின்னால் அளந்தோம். 1972இல் எடை அளவுச் சட்டம் வந்தபின் படிப்படியாகக் கிலோ கிராமுக்கு மாறினோம். ஒரு காட்டி என்பது ஏறக்குறைய 600 கிராம். ஆகவே காட்டி 60 காசு விற்ற வெங்காயம் கிலோ ஒரு வெள்ளிக்கு விற்றால் விலை ஏறவில்லை என்று பொருள். ஆனால் அதே 60 காசை வாங்கிக்கொண்டு அரைக் கிலோ நிறுத்துக் கொடுத்தால், விலைப் பலகையில் எண் மாறாமலே ஆறில் ஒரு பங்கு சாமான் கையைவிட்டுப் போயிற்று. கணக்குத் தெரிந்த தாய்மார்கள் அன்று டாச்சிங் தராசின் கோலையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

இந்தத் தந்திரம் காட்டியோடு மறைந்துவிடவில்லை. இன்றும் பாக்கெட்டின் முகமும் விலையும் மாறாமல் உள்ளே இருக்கும் எடை மட்டும் இளைத்துப் போவதைக் காண்கிறோம். 1 கிலோ பாக்கெட் 900 கிராம் ஆனால் விலை ஒன்பதில் ஒரு பங்கு ஏறிற்று என்று கொள்ள வேண்டும். விலையை எடையால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்குக் கூப்பன் இல்லாமலே பாதிச் சிக்கனம் வந்துவிடும். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதும் சரியன்று. சில வேளைகளில் இரண்டு சிறு பாக்கெட்டுகள் அதைவிட மலிவாய் அமைவதுண்டு. பயனீட்டாளருக்கு இப்படிப்பட்ட செய்திகளைத் தமிழிலும் எடுத்துச் சொல்லிவந்த அமைப்புகளில் 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் முக்கியமானது.

பண்டிகைச் சாமான் வாங்கத் தோட்டத்துப் பெண்கள் கண்ட வழி கூட்டுச் சீட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போட்டு, முறை வந்தவர் மொத்தமாய் எடுத்துக்கொள்வார். தீபாவளிக்கு எண்ணெயும் மாவும் துணியும் ரொக்கத்துக்கு வாங்க அது உதவியது. சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போன கதைகளும் உண்டு. அதைத் தொழிலாக நடத்துவதை மலேசியாவில் 1971இல் வந்த சட்டம் தடை செய்தது. சேர்த்து வைக்கும் ஆற்றல் நம்மவரிடம் இல்லாமலில்லை என்பதற்கு இன்னொரு சான்று, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளரின் சிறு பணத்தைத் திரட்டியே அது வாங்கியது. காட்டி மிளகாய்க்குப் பேரம் பேசிய அதே கைகள்தாம் அந்தப் பங்குப் பணத்தையும் கட்டின.

கூட்டுறவுக் கடை நிலைத்து நிற்காதா என்று கேட்பவர்களுக்குச் சிங்கப்பூர் ஒரு விடை கொடுத்தது. 1973இல் உலகெங்கும் விலைவாசி பாய்ந்தேறியபோது, அங்குள்ள தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் அவ்வாண்டு ஜூலையில் தோ பாயோவில் வெல்கம் என்ற பெயரில் ஓர் அங்காடி திறந்தது. அரிசி போன்ற அன்றாடப் பொருள்களை நியாய விலைக்கு விற்று, மற்றக் கடைகளும் விலையைக் கண்டபடி ஏற்றாமல் பிடித்து வைப்பது நோக்கம். 1983இல் அது இன்னொரு தொழிலாளர் கூட்டுறவோடு இணைந்து ஃபேர்பிரைஸ் ஆயிற்று; இன்றும் நடக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் நெருங்கி வாழும் மக்கள், வேலையும் சம்பளமும் சீராய்க் கிடைத்த நகரம், தேர்ந்த நிர்வாகம், அரசின் ஆதரவு, இவை அமைந்ததால் அங்கே வென்றது. பல மைலுக்கு ஒன்றாய்ச் சிதறிக் கிடந்த தோட்டங்களில் இவற்றுள் ஒன்றுகூட எளிதாய் அமையவில்லை. தோட்டக் கூட்டுறவுக் கடைகள் தோற்றதற்கு நம்மவரிடையே ஒற்றுமை இல்லை என்று மேடையில் முழங்குவோர் இதையும் நினைவில் கொள்ளலாம்.

இப்போது கூப்பன் புது உருவம் எடுத்திருக்கிறது. சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் சமூக மேம்பாட்டு மன்றங்களின் பற்றுச்சீட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 100 வெள்ளிக்குக் கிடைத்தது. பின் ஆண்டுகளில் தொகை கூடியது. மலேசியாவில் 2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிறைந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் 100 ரிங்கிட் சாரா உதவி, அடையாள அட்டையிலேயே வரவு வைக்கப்பட்டது. அரிசி, முட்டை, சமையல் எண்ணெய், டின் உணவு போன்ற அடிப்படைப் பொருள்களுக்கே அது சென்றது. பங்கு பெற்ற கடைகளில் மட்டுமே சென்றது. அவ்வாண்டு டிசம்பர் 31க்குள் செலவிட வேண்டியிருந்தது. சீட்டே இல்லாத சீட்டு! அவசரகாலத்தில் முள்வேலி வாசலில் காட்டிய அதே அடையாள அட்டை, இன்று கடைக் கல்லாவில் அரிசிக்குப் பணம் கட்டுகிறது.

டெலியின் வில்லைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் இது செல்லும் என்பதுதான். ஆனால் அந்த வேற்றுமை பட்டணத்தில் இருப்பவருக்கு முழுதும் கிடைக்கிறது. செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் குடும்பத்துக்குப் பாதிதான் கிடைக்கிறது. பங்கு பெற்ற கடை 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, போக வர வாடகை வண்டிக்கு 30 ரிங்கிட் கொடுத்தால் 100 ரிங்கிட் உதவி 70 ஆகிவிடும். நாலு வீட்டார் ஒரே வண்டியில் போனால் ஆளுக்கு ஏழரை ரிங்கிட். போகுமுன் வீட்டில் உட்கார்ந்து துண்டு எழுதிக்கொண்டு, அரிசி, மாவு, பருப்பு, டின் சாமான் என்று கெடாதவற்றை அங்கே வாங்கி, கீரையையும் மீனையும் பக்கத்துப் பாசார் மாலாமுக்கு விட்டுவிடலாம். எண்ணெய்க்கு மட்டும் ஒரு வார்த்தை: 2016 நவம்பர் முதல் அரசு மானியம் 1 கிலோ பாக்கெட் எண்ணெய்க்கு மட்டுமே, அதன் விலை 2 ரிங்கிட் 50 சென் என்று கட்டுப்படுத்தப்பட்டது. புட்டி எண்ணெயின் விலை சந்தையோடு ஏறி இறங்கும். குலை அறுத்து ஆலைக்கு ஏற்றும் வீட்டிலேயே எண்ணெய்ப் பாக்கெட் தேடி அலைவது வேடிக்கைதான். கல்லாவில் இரசீது கொடுத்தவுடன், மீதித் தொகை எவ்வளவு என்று அதிலேயே பார்த்துக்கொண்டு, அங்கேயே நின்று கூட்டிச் சரிபார்த்துவிட்டு, வண்டியில் ஏறுங்கள்.